பசிக்கு இடம் விட வேண்டும்

"ஒண்ணுமே திங்க மாட்டேங்கான் டீச்சர்."

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் பால்வாடி நடத்திய எவருக்கும் இந்தப் பேச்சு காதில் விழாத மாதம் இருந்திருக்காது. இடுப்பில் பிள்ளை, முகத்தில் கவலை, கையில் பிஸ்கட் பாக்கெட் என்று தாய்மார்கள் வந்து நிற்பார்கள். 1980களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்து, தாய்களையும் பின்னர் அவர்களின் பிள்ளைகளையும் அதே தராசில் எடை போட்டு ஓய்வு பெற்ற ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் அனுபவம் இது. ஊர் அவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்டது. இங்கும் அவர் டீச்சர்தான்.

அப்படி வந்து நிற்கும் தாயிடம் டீச்சர் உடனே யோசனை சொன்னதில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "நேத்துக் காலையில முழிச்சதுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் அவன் வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு தாயி."

இரண்டரை வயதுப் பையன் ஒருவனின் பட்டியலைப் பார்க்கலாம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். பகல் முழுக்கப் பையன் ஆச்சியின் பொறுப்பு. காலை ஆறு மணிக்குப் புட்டியில் பால். ஏழு மணிக்கு ஆச்சி குடிக்கும் டீயில் தொட்டு ஒரு வறுக்கி. எட்டரைக்குச் செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் போராடி அரை இட்லி. பத்து மணிக்குப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்று. பதினொன்றரைக்கு அழுதான் என்று மறுபடி பால். ஒரு மணிக்குச் சோறு, மூன்று வாய். மூன்று மணிக்குக் கிரீம் பிஸ்கட். ஐந்து மணிக்கு டீயும் மிக்சரும். வேலை முடிந்து வரும் அம்மா வாங்கிவந்த கேக் ஏழு மணிக்கு. எட்டரைக்கு இரண்டு வாய் தோசை. தூங்கவைக்க மறுபடி புட்டி.

எடை 10.4 கிலோ. அந்த வயது ஆண் பிள்ளைகளின் நடுத்தர எடை 13.3 கிலோ. 10.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு என்பது கணக்கு.

ஒன்றுமே தின்பதில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளையின் பட்டியலில் பதினொரு வேளை இருந்தது. ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் நடுவில் பசி எடுக்க நேரமே இல்லை. பால் மட்டும் முக்கால் லிட்டரை நெருங்கியது. முக்கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய 500 கலோரி உண்டு. அந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது சுமாராக 1,000 கலோரிதான். பாதியைப் பால் பிடித்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பங்கை மாவும் சர்க்கரையும் உப்பும் பிடித்துக்கொள்கின்றன. சோறு, பருப்பு, முட்டை, காய் இவற்றுக்கு வயிற்றில் இடம் மிச்சமில்லை. போதாக்குறைக்குப் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அரை லிட்டருக்கு மேல் பாலிலேயே வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை எளிதில் வருகிறது. ரத்தசோகை வந்தால் பசி மந்தமாகிறது, பசி மந்தமானதும் மறுபடி புட்டி வாயில் வைக்கப்படுகிறது.

டீச்சர் தன் தொழிலில் கண்ட முதல் உண்மை இதுதான்: மெலிந்த பிள்ளையின் வீட்டில் முதலில் திருத்த வேண்டியது பெரும்பாலும் தட்டை அல்ல, நேரத்தை.

ஆனால் அதற்கும் முன்னால் தராசு இருக்கிறது. உத்தரத்தில் தொங்கும் சால்ட்டர் தராசில் எடை போடுவது லேசான வேலை இல்லை. துணித் தூளியை மாட்டிய பிறகு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரைஞாண் கொடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கையில் பிடித்திருக்கும் பொம்மையை நைசாக வாங்க வேண்டும். பிள்ளை காலை உதறி அழும்போது முள் ஆடும். அது நிற்கும்வரை பொறுத்து, கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு மாதம் சாப்பிட்ட பிறகும் மறுமாதம் வெறும் வயிற்றிலும் போட்டால் கால் கிலோ வித்தியாசம் வந்து தாயை அழவைத்துவிடும். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை வேளைதான், சோற்றுக்கு முன்னால்தான் என்பதில் டீச்சர் கண்டிப்பாக இருந்தார்.

இந்தக் கண்டிப்பு பயிற்சியில் வந்தது. 1980-ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை தேங்கிய பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துருண்டை கொடுத்து, எடை ஏறியதும் நிறுத்திவிடுவது அதன் முறை. உருண்டையோடு தாய்க்குப் பாடமும் உண்டு. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்கிய இந்தத் திட்டத்தை அறிந்தவர் குறைவு. ஒரு தடவை போட்ட எடையை விட, அடுத்தடுத்த மாதங்களின் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு முக்கியம் என்பதை ஊர் ஊருக்கும் கொண்டுசேர்த்தது அதுதான்.

அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். பிறந்த எடை ஐந்தாம் மாத வாக்கில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். அந்த வேகத்தைக் கண்ட குடும்பம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதையே எதிர்பார்க்கிறது. ஆனால் இரண்டு வயதுக்கு மேல் பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைவது இயற்கை. நேற்றுவரை வாய் திறந்த பிள்ளை இன்று முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இதுதான் முதற்காரணம்.

நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை அவளுடைய ஆச்சி தரதரவென்று இழுத்துவந்தார். "எதுத்த வீட்டுப் பிள்ளையப் பாருங்க, குண்டுக் கத்திரிக்கா மாதிரி இருக்கு. இது எலும்பும் தோலுமா நிக்கி." எடை 14 கிலோ. நடுத்தரம் 16.1 என்றாலும் எடைக்குறைவு என்பது 12.3-க்குக் கீழே. அதைவிட முக்கியம், இரண்டு வயதிலிருந்து அவள் கோடு நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அதற்கு இணையாகவே போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒல்லி. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறாள், காய்ச்சல் இருமல் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: சாப்பாட்டு வேளையில் அடியும் மிரட்டலும் நிற்க வேண்டும். டீச்சர் வளர்ச்சி அட்டையை ஆச்சியின் மடியில் விரித்து, புள்ளி புள்ளியாக விரல் வைத்துக் காட்டினார்.

அந்த அட்டையில் இப்போதுள்ள கோடுகள் உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட குழந்தைகளை அளந்து வரைந்தவை. இந்தியாவுக்குத் தெற்கு டெல்லிக் குழந்தைகள். நல்ல உணவும் தாய்ப்பாலும் நோயற்ற சூழலும் கிடைத்தால் முதல் ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்கு நாடு பிள்ளைகளின் வளர்ச்சி பெரிதாக மாறுவதில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. "நம்ம ஊருப் பிள்ளைக இப்படித்தான்" என்று கோடு சரிவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட முடியாது.

கோடு சரிந்தால் டீச்சர் தாமதிக்க மாட்டார். தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறாவிட்டாலும், இருந்த எடை குறைந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிவிடுவார். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அங்கே வீட்டு வைத்தியத்துக்கு வேலை இல்லை. விடாத இருமல், மாலைக் காய்ச்சல், அடிக்கடி வயிற்றுப்போக்கு, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. காசநோய், இதயக் கோளாறு, சிறுநீர்த் தொற்று போன்றவை 'சாப்பிட மாட்டேங்கான்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடும்.

ஒளிந்திருப்பதில் மிகச் சாதாரணமானது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 சதவீதம் பேர் எடைக்குறைவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம். வாசற்படி ஓரத்து மண்ணை நக்குவது, சிலேட்டுக் குச்சியைக் கடிப்பது, அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பச்சரிசியை மெல்லுவது என்று ஒரு பெண் பிள்ளை இருந்தாள். வீட்டில் அதற்கு அடி விழுந்தது. டீச்சர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. மருத்துவர் ரத்தம் சோதித்து இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மருந்தைப் பாலோடும் டீயோடும் கொடுக்காமல், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்த வேளையில் கொடுக்க வேண்டும் என்பதைத் தாய் புரிந்துகொள்ள இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சில வாரங்களில் மண் தின்பது நின்றது. பசியும் வந்தது.

பசியைத் தூண்டும் சிரப் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் கிராமம்வரை பரவியிருக்கிறது. அவற்றில் பலவும் அலர்ஜி மருந்துகள், தூக்கத்தை வரவழைப்பவை. பிள்ளை தூங்கி வழியும், நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். மருத்துவர் எழுதாமல் அந்தப் புட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் டீச்சர் விட்டுக்கொடுத்ததே இல்லை. மால்ட் பானங்களுக்கும் அவரிடம் ஆதரவு கிடையாது. 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை இணையத்தில் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே அறிவுறுத்தியது.

தீப்பெட்டி ஆபீஸ்காரப் பெண்ணின் பையனுக்கு வருவோம். மருத்துவர் பார்த்துவிட்டார், வேறு நோய் இல்லை. டீச்சர் அவன் ஆச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாளைப் பிரித்து எழுதினார். காலை எட்டு, பத்தரை, பகல் ஒன்று, மாலை நான்கு, இரவு ஏழரை. ஐந்தே வேளை. நடுவில் தண்ணீர் தவிர வேறெதுவும் கிடையாது. பால் நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர், அதுவும் தின்று முடித்த பிறகு. புட்டி அன்றோடு நிறுத்தம். டீ அறவே இல்லை. பெட்டிக்கடைப் பக்கம் தூக்கிக்கொண்டு போவதும் இல்லை.

"ஏம்மா டீச்சரு, பச்சப் பிள்ளைய பட்டினி போடச் சொல்லுதியே" என்றார் ஆச்சி.

"பட்டினி இல்ல ஆச்சி. ரெண்டரை, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா தட்டு வரும். பசிச்சு வந்து உக்காரட்டும்" என்றார் டீச்சர்.

அடுத்த விதி ஆச்சிக்கு இன்னும் கசந்தது. தட்டை வைத்த பிறகு, "இன்னும் ஒரே வாய்" என்று கெஞ்சக்கூடாது, மூக்கைப் பிடிக்கக்கூடாது, பூச்சாண்டி காட்டக்கூடாது, செல்போன் கூடாது. அரைமணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிட வேண்டும். தின்றால் கொண்டாட்டமும் இல்லை, தின்னாவிட்டால் திட்டும் இல்லை. என்ன கொடுப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களில் வகுத்த இந்தப் பிரிவினையை இன்று உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்லித்தருகிறார்கள்.

பிள்ளையை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களில் தொடங்கி, பால்குடி மறந்த 15 குழந்தைகளை வைத்துப் பார்த்தார். இறைச்சி, முட்டை, தானியம், பழம், காய், பால் என முப்பதுக்கும் மேற்பட்ட எளிய பண்டங்கள். தட்டுகள் முன்னால் இருக்கும். பிள்ளை கையைக் காட்டினால் மட்டும் செவிலியர் ஊட்டலாம், தானாக எதையும் நீட்டக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது, ஒருநாள் தின்றதை மறுநாள் தொடாமல் விட்டது. ஆனாலும் அத்தனை பேரும் நன்றாக வளர்ந்தார்கள். 1939-ல் முடிவை வெளியிட்டபோது, சூட்சுமம் அந்தப் பண்டங்களின் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே தெளிவுபடுத்தினார். சர்க்கரையோ மைதாவோ பொட்டலத் தின்பண்டமோ அந்தப் பட்டியலில் இல்லை. பெரியவர்கள் நல்லதை மட்டும் முன்னால் வைத்தால்தான் பிள்ளையின் தேர்வு நல்லதாக இருக்கும்.

ஐந்து வேளையில் முன்னால் வைப்பது என்ன? இங்கேதான் எடை ஏறும் வழி இருக்கிறது.

பிள்ளையின் இரைப்பை, கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில்தான் கொள்ளும். பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லி. இந்தச் சின்ன இடத்தில் நீர்த்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், ஒரு டம்ளருக்கு 60, 70 கலோரி கிடைத்தால் அதிகம். அதே அளவு இடத்தில் குழைந்த பருப்புச் சோறும் ஒரு சிறுகரண்டி நெய்யும் வைத்தால் 200 கலோரியைத் தாண்டும். பருப்பைக் கடைந்து மேல் தெளிவைப் பிள்ளைக்கும் அடிக் கெட்டியைப் பெரியவர்களுக்கும் பரிமாறும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைத் தலைகீழாக்கச் சொல்வார் டீச்சர்.

கொழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதும் அவர் பாடம். ஒரு சிறுகரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ ஏறத்தாழ 40 கலோரி. ஒவ்வொரு வேளையிலும் ஒரு கரண்டி கூடினால் தட்டின் அளவு மாறாமல் நாளுக்கு 200 கலோரி ஏறிவிடும். சேலத்தில் பிறந்து, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய டாக்டர் சி. கோபாலன் அந்தக் காலத்திலேயே கலோரியை முன்னிறுத்தினார். உலகம் முழுக்கப் புரதப் பற்றாக்குறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நம் ஏழைப் பிள்ளைகளின் முதல் குறை கலோரிதான், தானியமும் பருப்பும் சேர்ந்த வழக்கமான சாப்பாடு தேவையான அளவு உள்ளே போனால் புரதமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும் என்று அவரும் அவருடைய சகாக்களும் வாதிட்டார்கள். விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் வாங்க முடியவில்லையே என்று ஏங்கும் தாய்க்கு டீச்சர் சொன்னது இதன் சாரம்தான்.

கரிசல் காட்டில் இதற்கெல்லாம் பஞ்சமில்லை. உளுந்தங்களி இருக்கிறது. தோல் உளுந்தையும் அரிசியையும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு உருட்டினால் எலுமிச்சை அளவு உருண்டை ஒரு வேளைக்குப் போதும். வயசுக்கு வந்த பெண்ணுக்குத்தான் அது என்று ஒதுக்கிவைக்காமல் பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஊரே புகழும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதமும் 550 கலோரிக்கு மேலும் உண்டு. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக்கடலை கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்து, இட்லியிலும் சோற்றிலும் சத்துமாவிலும் கலக்கலாம். முட்டையை அவித்துக் கொடுத்தால் துப்பும் பிள்ளை, தோசையின் மேல் ஊற்றிச் சுட்டால் தின்கிறது. ஒரு முட்டையில் 70 கலோரி, ஆறு கிராம் புரதம். சீனிக்கிழங்கு, வாழைப்பழம், தயிர், சாளை மீனை முள் எடுத்து உதிர்த்த சோறு, எதுவும் அபூர்வமானது இல்லை.

கஞ்சியே வேண்டும் என்று பழகிய பிள்ளைக்கும் வழி உண்டு. கேழ்வரகையோ கம்பையோ முளைகட்டிக் காயவைத்துத் திரித்தால், முளையில் ஊறும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். அதே தண்ணீருக்கு இரண்டு மடங்கு மாவு போட்டாலும் கஞ்சி கட்டியாகாமல் குடிக்கும் பதத்தில் இருக்கும். பரோடாவில் பேராசிரியை தாரா கோபால்தாஸ் 1980களில் இதை ஆராய்ந்து, சாதாரணக் கெட்டிக் கஞ்சியில் ஒரு சிறுகரண்டி முளைமாவைக் கலந்தாலே அது இளகிவிடும் என்று காட்டினார். டீச்சர் இதைத் தாய்மார் கூட்டத்தில் செய்தே காட்டுவார். கரண்டியில் ஒட்டி நிற்கும் களி, முளைமாவு விழுந்த சில நிமிடத்தில் ஊற்றும் பதத்துக்கு வரும்போது கூட்டம் எழுந்து வந்து பாத்திரத்தை எட்டிப் பார்க்கும்.

இத்தனையும் இருந்தும் 'அது வேண்டாம், இது வேண்டாம்' என்று ஒதுக்கும் பிள்ளை இருக்கத்தான் செய்யும். இரண்டு முதல் ஆறு வயதுவரை புதுப்பண்டத்தைக் கண்டு தயங்குவது வளர்ச்சியின் ஒரு கட்டம். லீஆன் பர்ச் என்ற உளவியலாளர் சிறுபிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளும் அவரைத் தொடர்ந்தவர்களின் ஆய்வுகளும் காட்டியது, ஒரு பண்டம் எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை முன்னால் வந்த பிறகே விருப்பமாகிறது என்பதை. நம் வீடுகளில் மூன்றாம் தடவையே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிடித்த சோற்றின் ஓரத்தில் புதியதை ஒரு விரல் நுனி அளவு வைத்தால் போதும் என்பார் டீச்சர். தொட்டுப் பார்க்கட்டும், நசுக்கட்டும், நக்கிவிட்டுத் துப்பட்டும். அதுவும் ஒரு தடவைதான், கணக்கில் சேரும்.

வீட்டில் வாயே திறக்காத பிள்ளை பால்வாடியில் தட்டைக் காலி செய்வதைப் பார்த்துத் தாய்மார்கள் வியப்பார்கள். அதற்குக் காரணம் வரிசை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார, ஆயா அக்கா ஒரே வாளியிலிருந்து எல்லாருக்கும் ஒரே சோற்றைப் போடுகிறார். யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. பக்கத்துப் பிள்ளை முட்டையைக் கடிக்கும்போது இவனும் கடிக்கிறான். கீரையைத் தொடாத ஒரு பெண் பிள்ளை, தன்னைவிட ஒரு வயது மூத்தவள் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட பிறகு தானாகவே கேட்டு வாங்கித் தின்றாள். இதை வீட்டிலும் செய்யலாம். பிள்ளைக்குத் தனியாக ஊட்டிவிட்டுப் பெரியவர்கள் பிறகு தின்பதற்குப் பதில், ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பிள்ளையின் கையில் தட்டைக் கொடுத்துவிட வேண்டும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

இந்த வழிக்கு மசியாத பிள்ளைகளும் உண்டு. வழுவழுப்பாக எது இருந்தாலும் ஓங்கரிக்கும், வெள்ளை நிறப் பண்டம் தவிர எதையும் பார்க்காது, பேச்சும் தாமதமாக வரும். அது பிடிவாதம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடமும் வளர்ச்சிச் சிகிச்சை மையத்துக்கும் அனுப்ப வேண்டும். வீட்டில் திட்டி எதுவும் மாறாது.

தீப்பெட்டி ஆபீஸ்காரப் பெண்ணின் பையன் முதல் வாரம் புட்டி கேட்டு அழுதான். ஆச்சி இரண்டு தடவை பால்வாடிக்கு வந்து டீச்சரிடம் சண்டை போட்டார். முதல் மாத எடையில் முள் அசையவே இல்லை. ஆனால் நோட்டில் வேறு மாற்றம் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லியும் கடலைப் பொடியும் எண்ணெயும், பத்தரைக்குச் சத்துமாவு உருண்டை, ஒரு மணிக்குப் பால்வாடியில் முட்டைச் சோறு. மூன்றாம் மாதம் 11 கிலோ. மூன்று வயது நிறைந்தபோது 11.9. அந்த வயதில் ஆண் பிள்ளைக்கு எடைக்குறைவின் எல்லை 11.3. கோடு எல்லைக்கு மேலே வந்துவிட்டது. கன்னம் உப்பவில்லை, தொந்தி போடவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடத் தெம்பு வந்திருந்தது, அடிக்கடி பிடித்த சளி குறைந்திருந்தது. ஆரோக்கியமாக எடை கூடுவது இப்படித்தான் தெரியும். இனிப்பையும் பொரித்ததையும் கொடுத்து மாதத்தில் ஒரு கிலோ ஏற்றிவிடலாம், ஆனால் அந்த எடை உயரத்தோடு சேர்ந்து வளராது, பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்குப் பாதை போடும்.

இந்த வெற்றியில் ஆச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அம்மாவுக்கும் உண்டு. பிள்ளை மெலிந்திருந்தால் ஊர் முதலில் தாயைத்தான் குற்றம் சொல்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, நாள் முழுக்கக் குச்சி அடுக்கி, இருட்டில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, பிள்ளையைத் தூங்கவைக்கப் புட்டியும் அழுகையை நிறுத்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் கைக்கு எட்டிய உதவிகள். அவளைத் திட்டினால் அடுத்த மாதம் எடை போட வர மாட்டாள். அவளுடைய வேலை நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு நேரப் பட்டியலைப் போட்டுக்கொடுத்து, வீட்டிலிருக்கும் பெரியவரையும் அப்பாவையும் அதில் சேர்ப்பதுதான் ஒரு பணியாளர் செய்ய வேண்டியது. தொழிற்கூடங்களுக்குப் பக்கத்தில் பிள்ளை காப்பகங்கள் வேண்டும் என்று டீச்சர் ஓய்வு பெறும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோரிக்கை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் சாப்பிட மறுக்கும் பிள்ளை இருந்தால், நாளைக் காலையிலிருந்து அவன் வாய்க்குள் போவதையெல்லாம் மூன்று நாள் எழுதிவையுங்கள். பாலையும் பிஸ்கட்டையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, மறுமாதமும் அதே தராசுக்குப் போங்கள். கோடு சரிந்தால் அந்த நோட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கன்வாடியில் எடை பார்க்கக் காசு கிடையாது.